மழையில்லாமல் ஊறும் கிணறு

பிள்ளைகளே, மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் போனால் பிரெடெரிக்-பாக் பூங்காவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அது சுண்ணாம்புக்கல் தோண்டிய பெருங்குழி. பிறகு நகரத்துக் குப்பை அதில் விழுந்தது. அந்தக் குப்பை நிலத்தடியில் இன்னும் உக்கிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து வரும் வாயுவை உறிஞ்சும் கிணறுகளுக்கு மூடியாகத்தான் புல்வெளியெங்கும் வெள்ளை உருண்டைகள் நிற்கின்றன. இருட்டினால் அவை மெல்ல ஒளிரும்.

ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ஓர் இரவு, அக்காவின் மகளோடு அங்கே படமெடுக்கப் போனேன். கமராவை முக்காலியில் நிறுத்தி, 30 வினாடி திறந்து வைத்து எடுத்தோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தவள், கறுத்த வானத்தில் ஊசி குத்தினாற்போல இருந்த ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

"மாமா, இது செவ்வாயோ?"

நல்ல கேள்வி. புள்ளி வானத்தில் இருக்கலாம், கமராத் திரையில் இருக்கலாம், உள்ளே சென்சரிலும் இருக்கலாம். எதில் ஒட்டியிருக்கிறது என்று அறிய, ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும்.

"படத்தை விரலால் நகர்த்து பிள்ளை" என்றேன். புள்ளியும் கூடவே நகர்ந்தது. அப்படியானால் திரையில் பழுதில்லை. திரையின் பிக்சல் பழுதாகியிருந்தால், எந்தப் படத்தைத் திறந்தாலும், மெனுவுக்கே போனாலும், புள்ளி அதே இடத்தில் அசையாமல் நிற்கும். அடுத்து, கமராவை எதிர்ப்பக்கம் திருப்பி இன்னொரு படம் எடுத்தோம். அதிலும் வலது மேல் மூலையில் அதே புள்ளி! செவ்வாய் எங்களோடு சேர்ந்து திரும்பாது. மிஞ்சியது சென்சர்தான்.

சென்சர் என்பது தபால் முத்திரை அளவான சிலிக்கன் தகடு. அதில் 2 கோடி குட்டிக் கிணறுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒளி மழையாகப் பெய்யும். எந்தக் கிணற்றில் எவ்வளவு மின்னேற்றம் சேர்ந்தது என்று அளந்து கமரா படத்தை ஆக்கும். ஒரு கிணறு எவ்வளவு ஒளிக்கும் அசையாவிட்டால் அது செத்த பிக்சல், படத்தில் கரும்புள்ளி. எங்கள் புள்ளி வேறு ரகம். அந்தக் கிணற்றின் அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. சிலிக்கனில் உள்ள சின்னக் குறையால், வெப்பம் மட்டுமே அங்கே எலெக்ட்ரோன்களைக் கிளப்பிவிடும். மழையே இல்லாமல் கிணறு நிறையும். இதை ஹொட் பிக்சல் என்பார்கள்.

அது ஏன் சிவப்பு? ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒரு நிற வடிகட்டி உண்டு. நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு இது. ஊறிய கிணறு சிவப்பு வடிகட்டியின் கீழே இருந்தது. சிவப்பு ஒளி வந்ததாகக் கமரா எடுத்துக்கொண்டது.

மொன்றியலுக்கும் இதில் பங்குண்டு. 14 வயது வரை பள்ளிக்கூடமே போகாமல் அம்மாவிடம் படித்த வில்லர்ட் பொயில், பிறகு இங்கே மக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டங்கள் பெற்றார். 1969இல் ஜோர்ஜ் ஸ்மித்தோடு சேர்ந்து சிசிடி என்ற ஒளிச் சென்சரை உருவாக்கினார். 2009இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் வீட்டுக் கமராவையும் சோதிக்கலாம். வில்லையின் மூடியைப் போட்டுவிட்டு 30 வினாடி படம் எடுங்கள். தானாகக் குவியும் வசதியை முதலில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கமரா இருட்டில் குவியம் தேடிக்கொண்டே இருக்கும், படம் விழாது. நீண்ட படங்களில் புள்ளிகளைத் தானே அழிக்கும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். கறுப்புப் படத்தைப் பெரிதாக்கினால் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் தெரியும். இரண்டாவது படத்திலும் அதே இடங்களில் இருப்பவைதான் ஹொட் பிக்சல்கள். தூசியைக் கண்டு ஏமாற வேண்டாம்: அது வெளிச்சமான படத்தில் மங்கலான கறையாகத் தெரியும், கூரான பொட்டாக அல்ல.

சென்சரின் சூடு ஏறக்குறைய 7 பாகை ஏறினால் ஊறல் இரட்டிப்பாகும். 35 பாகை இறங்கினால்? ஐந்து தடவை பாதியாக்குங்கள்: 32இல் ஒரு பங்கு.

ஜனவரியில், மைனஸ் 15 பாகைக் குளிரில், பல்கனியில் அரை மணி நேரம் கமராவை ஆறவிட்டு அதே சோதனையைச் செய்தோம். வலது மேல் மூலை வெறும் கறுப்பு. உள்ளே கொண்டுவருமுன் கமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினோம். இல்லாவிட்டால் வீட்டுக் காற்றின் ஈரம் அதன் மேல் முத்துமுத்தாகப் படிந்துவிடும். இரண்டு மணி நேரம் கழித்துப் பையைத் திறந்து, மூடியோடு இன்னொரு படம் எடுத்தாள்.

"மாமா, வந்திட்டுது!"

அதே மூலையில், அதே சிவப்பு.