கூடு பழையது, மூளை புதியது

விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தோர்க்குக் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை புதியதன்று. அங்கே உயிர் ஒன்றாயிருக்க உடல் மாறும். இன்று கணினி உலகிலே இதற்கு நேர்மாறான வித்தை ஒன்றைக் காண்கிறோம். உடல் அதுவாகவே இருக்க மூளை மாறுகிறது. அதுவும் ஒரு கம்பனியின் மூளை அகல, அதன் போட்டிக் கம்பனியின் மூளை அவ்விடத்தில் அமர்கிறது.

கணினியின் மூளை எனப்படுவது முறைவழியாக்கி. அதனை ஆக்குவோருள் இன்ரெல், ஏ.எம்.டி. என்னும் இரு அமெரிக்கக் கம்பனிகள் நெடுநாட் போட்டியாளர்கள். 1990களில் மேசைக் கணினிகளிலே 'சொக்கற் 7' என்ற ஒரே தாங்கியில் இரண்டினது முறைவழியாக்கிகளும் பொருந்தின. 1997 ஆம் ஆண்டில் இன்ரெல் தன் பென்ரியம் 2க்குத் தனித் தாங்கி வகுத்துக்கொண்டது. அதன்பின் வந்தவற்றில் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்துவதில்லை. மடிக்கணினிகளிலோ முறைவழியாக்கியைத் தாய்ப்பலகையோடு பற்றாசு வைத்து ஒட்டிவிடுகின்றனர். எனவே, மூளை மூப்படைந்தால் முழுக் கணினியையும் ஒதுக்குவதே வழக்கமாயிற்று.

இவ்வழக்கத்திற்கு மாறாக எழுந்தது சான் பிரான்சிஸ்கோ நகரின் பிறேம்வேர்க் கம்பனி. உறுப்புகளைப் பயனாளரே கழற்றி மாற்றத்தக்க மடிக்கணினியை அது 2021 இல் வெளியிட்டது. முதலில் வந்தவை இன்ரெல் மூளை கொண்டவை. 2023 இல் அதே உடலிற் பொருந்தும் ஏ.எம்.டி. தாய்ப்பலகை வந்தது. 2025 இல் வந்த ஏ.எம்.டி. பலகையும் 2021 ஆம் ஆண்டின் உடலிற் பொருந்துகிறது.

இங்கு மாறுவது முறைவழியாக்கி மட்டுமன்று. அது ஒட்டப்பட்ட தாய்ப்பலகை முழுவதும் மாறுகிறது. திரை, விசைப்பலகை, மின்கலம், உறை, சேமிப்பகம் ஆகியன பழையனவே. ஆயினும் பலகையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. 2021 முதல் 2023 வரை வந்த இன்ரெல் பலகைகள் டி.டி.ஆர்.4 நினைவகத்தை ஏற்பவை, ஏ.எம்.டி. பலகைக்கு டி.டி.ஆர்.5 வேண்டும். முன்னது பின்னதன் துளையில் நுழையவே மாட்டாது. வை-பை அட்டைகளுள்ளும் இன்ரெல் முறைவழியாக்கியோடு மட்டுமே இயங்கும் வகையுண்டு. அவ்வகையாயின் அதனையும் மாற்றல் வேண்டும். மேலும், இன்ரெல் பலகையில் நான்கு இணைப்பு வாயில்களும் ஒரே தரத்தன. 2023 ஆம் ஆண்டின் ஏ.எம்.டி. பலகையிலோ பின்புறத்து இரண்டே முழு ஆற்றலுடையவை.

வேலை கடினமானதன்று. அடிப்புறத்தில் ஐந்து திருகாணிகளைத் தளர்த்தினால், காந்தத்தாற் பற்றியிருக்கும் விசைப்பலகைத் தட்டு மேலெழும். அதனைக் கீழுடன் இணைக்கும் மெல்லிய நாடாவை மறந்து வெடுக்கென இழுத்தலாகாது. உள்ளே முதலிற் கழற்ற வேண்டியது மின்கலத்தின் இணைப்பு. கணினியுடன் வரும் ஒரு திருப்புளியே எல்லாவற்றுக்கும் போதும்.

இனி, மூளை மாறினால் பழைய மென்பொருள் இயங்குமா என்ற ஐயம் எழலாம். இயங்கும். இரு கம்பனிகளின் முறைவழியாக்கிகளும் ஒரே கட்டளைத் தொகுதியை விளங்கிக்கொள்வன. ஏ.எம்.டி. 2003 இல் அறிமுகஞ் செய்த 64 பிற்று முறையை மறு ஆண்டே இன்ரெலும் மேற்கொண்டது. புதிய பலகைக்குரிய செலுத்தி மென்பொருள்களை நிறுவிக்கொண்டாற் போதுமானது.

உண்மையான இடர் வேறோரிடத்தில் உளது. விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் 'பிற்லொக்கர்' என்னும் பூட்டினாற் பூட்டப்பட்டிருக்கும். பலகை மாறியதும் அது நம்மை அந்நியரென எண்ணி மீட்புச் சாவியைக் கேட்கும். 48 இலக்கங்கொண்ட அச்சாவி இல்லையேல் ஆய்வேடாயினும் குடும்பப் படங்களாயினும் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். ஆதலால், திருப்புளியைத் தொடுமுன் சாவியைக் குறித்துக்கொள்வதும், எல்லாவற்றுக்கும் வேறிடத்திற் பிரதி எடுத்து வைப்பதும் இன்றியமையாதன.

இத்தனையும் செய்யத்தான் வேண்டுமா? எழுதவும் படிக்கவும் மட்டும் கணினியை ஆள்வோருக்கு நினைவகத்தைக் கூட்டுவதே பெரும்பாலும் போதும். பலகையும் நினைவகமுஞ் சேர்ந்தால் சாதாரணப் புதுக் கணினியொன்றின் விலையை எட்டிவிடலாம். கனமான வேலைக்கு வேகம் போதாதோர்க்கே இது தகும். அவர்கட்கும் பழைய பலகை வீண்போவதில்லை. தனி உறையிலிட்டால் அதுவே சிறு மேசைக் கணினியாகும்.

உழவன் கொழு தேய்ந்தாற் கொழுவை மாற்றுவானேயன்றிக் கலப்பையை எறியான். நாமோ 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவை எறிந்தோம் என ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதிலே முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தியதாகப் பதிவானது நூற்றுக்கு 22.3 பங்கே. கணினி வாங்கச் செல்வோர் அதன் வேகத்தை வினவுவதோடு, "இதில் எவ்வெவ் உறுப்பை நாமே மாற்றலாம்?" என்றும் வினவப் பழகுவோமாயின், ஆக்குவோரும் அதற்கு விடை தேடியே ஆகவேண்டும்.