கிரியேட்டினின் நார்மல் என்றால் கிட்னியும் நார்மலா?

"யூரின் தாராளமாப் போகுது டாக்டர், அப்புறம் கிட்னிக்கு என்ன கேடு?" சர்க்கரை நோய்க்கு மருந்து கேட்டு வருபவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். சிறுநீர் நிறையப் போவது நல்ல விஷயம்தான். ஆனால் போவது வெறும் தண்ணீரா, கழிவும் சேர்ந்தா என்பது கண்ணால் பார்த்தால் தெரியாதே!

நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவில்தான் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. இந்த வேலையைச் செய்பவை நெஃப்ரான் எனும் நுண்ணிய வடிகட்டிகள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் இருக்கின்றன.

கல்யாண வீட்டில் பத்து சமையல்காரர்கள் இருக்கிறார்கள். நாலு பேர் பாதியில் போய்விட்டாலும், மற்ற ஆறு பேர் இழுத்துப் பறித்துப் பந்தியை நடத்திவிடுவார்கள். இலையில் உட்கார்ந்தவருக்கு வித்தியாசமே தெரியாது. சிறுநீரகமும் அப்படித்தான். கால் வீக்கம், பசியின்மை, மூச்சு வாங்குதல் என்று வெளியே தெரியும்போது பெரும்பாலும் நிலைமை முற்றிப் போயிருக்கும்.

நீர்க்குறி மட்டும் போதுமா?

'சித்த வைத்தியர் லேப் ரிப்போர்ட்டைப் பற்றி எழுதுகிறாரே' என்று நினைக்கிறீர்களா? சிறுநீரைச் சோதிப்பது எங்களுக்குப் புதிதல்ல. நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்து வகையில் பார்ப்பது நீர்க்குறி. விடியற்கால நீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவும் விதத்தைப் பார்ப்பது நெய்க்குறி. வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் போக்கை அறிய இவை எங்களுக்கு உதவுகின்றன. ஆனால் சிறுநீரகத்தில் எத்தனை பங்கு வேலை செய்கிறது என்ற கணக்கை இவை சொல்லாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். குதிரையின் சிறுநீர் இயல்பாகவே கலங்கலாக, சுண்ணாம்புத் துகளோடு இருக்கும். அதற்கு அது ஆரோக்கியம். நமக்கு அப்படிப் போனால் கவனிக்க வேண்டும். அந்தக் குதிரைக்கும் வடிகட்டிகளில் முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுகிறது என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். மனிதருக்கோ பாதி வேலைத்திறன் குறையும் வரைகூட அது 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நிற்கலாம்.

ஒரே எண், இரண்டு அர்த்தம்

கிரியேட்டினின் என்பது தசைகளிலிருந்து உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் தங்கும். தசை அதிகமுள்ளவருக்கு அது இயல்பிலேயே கூடுதல். மெலிந்த பாட்டிக்குக் குறைவு. அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது.

25 வயதுப் பையனுக்கு 1.1 மி.கி. இருக்கிறது என்று வையுங்கள். வயதையும் பாலினத்தையும் சேர்த்து, 2021-இல் வந்த சூத்திரப்படி கணக்கிட்டால், நிமிடத்துக்குச் சுமார் 95 மி.லி. வடிகட்டுகிறது. நல்ல நிலை. அதே 1.1 அவனுடைய 65 வயதுப் பாட்டிக்கு இருந்தால்? சுமார் 56 மி.லி.தான்! 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இந்தக் கணக்குக்குத்தான் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று பெயர். ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இதோடு இன்னொன்றும் முக்கியம்: சிறுநீரில் அல்புமின் அளவு. 'ஏ.சி.ஆர்.' என்பார்கள். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே இது ஏற ஆரம்பிக்கலாம். சிகிச்சைக்குச் சரியான நேரம் அதுதான்.

சோதனைக்குப் போகுமுன்...

* முந்தின நாள் மட்டன், சிக்கன் விருந்து வேண்டாம். கடும் உடற்பயிற்சியும் வேண்டாம்.
* உங்கள் பையன் ஜிம்முக்குப் போய் கிரியேட்டின் பவுடர் சாப்பிடுகிறானா? டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எண் கூடுதலாகக் காட்டலாம்.
* ஏ.சி.ஆருக்கு விடியற்காலை முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், நீர்த்தாரையில் தொற்று, மாதவிலக்கு இருக்கும் நாட்களைத் தவிர்க்கவும்.
* ஒரு தடவை ஏறியிருந்தால் பதற வேண்டாம். மறுபடி பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருடம் ஒரு முறை இந்த இரண்டு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்களும், மூட்டு வலிக்கு வருடக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குபவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது.

என் துறை சம்பந்தமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். "கிட்னியைச் சுத்தம் பண்ணுது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் வாழைத்தண்டுச் சாறும் இளநீரும் குடிக்கிறவர்கள் உண்டு. நல்ல சிறுநீரகத்துக்கு அது கெடுதல் செய்யாது. பழுதான சிறுநீரகத்துக்கோ அதிலுள்ள பொட்டாசியமே பாரமாகிவிடும். பஸ்பம், செந்தூரம் எதையும் முறையாகப் படித்த வைத்தியரைக் கேட்காமல் சாப்பிடாதீர்கள். அவரிடம் போகும்போது ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். இங்கிலீஷ் மருந்து சாப்பிடுபவர்கள் அதை நிறுத்திவிட்டு வர வேண்டாம். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்பதை இரு வைத்தியர்களிடமும் சொல்லுங்கள்.

பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாமல் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள். போன வருடம் 80, இந்த வருடம் 65 என்று இ.ஜி.எஃப்.ஆர். இறங்குவது அந்த ஃபைலைப் புரட்டினால்தான் தெரியும்.