ஒரு நகரின் பெயருக்கு ஓயாத வாதம்

ஒரு நகரத்தின் பெயரை எழுதும் விதத்தை மாற்ற எவ்வளவு காலம் ஆகும்? அரசாங்கம் நினைத்தால் ஒரே அறிவிப்பில் மாற்றிவிடும். உக்ரேன் அரசாங்கம் தன் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுத வேண்டும் என்று 1995ஆம் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டது. ஆனால், ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த நகரத்தைப் பற்றிய கட்டுரையின் தலைப்பு மாறியது 2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான்!

இத்தனைக்கும் மாறியது இரண்டே எழுத்துகள். கே-ஐ-இ-வி என்று இருந்தது கே-ஒய்-ஐ-வி ஆனது. தமிழில் ‘கீவ்’ என்று எழுதிவிட்டுப் போகும்போது இந்தச் சிக்கல் தெரிவதில்லை. ஆங்கிலத்தில் அப்படியில்லை. முதல் வடிவம் ரஷ்ய மொழி உச்சரிப்பிலிருந்து வந்தது. இரண்டாவது உக்ரேனிய மொழி உச்சரிப்பிலிருந்து வந்தது. 1991இல் சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டு மக்களுக்கு, தங்கள் தலைநகரை உலகம் இன்னும் பழைய ஆட்சியின் மொழியிலேயே அழைக்கிறதே என்ற வருத்தம் இருந்தது.

அந்த வருத்தம் நியாயமானது என்றால், கலைக்களஞ்சியம் ஏன் உடனே மாறவில்லை? மாற்ற மறுத்தவர்கள் யார்? அவர்களுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது?

யார் இந்த ஆசிரியர்கள்?

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் ஆகிய இருவரும் அதைத் தொடங்கினர். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் பிறந்தது. இதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இலாப நோக்கமற்ற அமைப்பு. கணினிகளையும் மென்பொருளையும் அது பார்த்துக்கொள்கிறது. கட்டுரைகளை எழுதுபவர்களோ சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மாணவர், ஆசிரியர், பொறியாளர், ஓய்வு பெற்றவர் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். தலைமையாசிரியர் என்று ஒருவர் அங்கே இல்லை.

தலைமையாசிரியர் இல்லாத இடத்தில் ஒழுங்கு எப்படி வரும்? விதிகளால் வருகிறது. அவற்றுள் மூன்று முக்கியமானவை. எழுதுவதற்கு நம்பகமான ஆதாரம் இருக்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயாமல் எழுத வேண்டும். எழுதுபவர் தம் சொந்த ஆராய்ச்சியைப் புகுத்தக்கூடாது. ‘எனக்குத் தெரியும்’ என்பது அங்கே செல்லாது. ‘இந்த நூலில், இந்தப் பக்கத்தில் இருக்கிறது’ என்பதுதான் செல்லும்.

வாதம் எங்கே நடக்கிறது?

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ‘உரையாடல்’ என்ற பக்கம் ஒன்று உண்டு. பெரும்பாலான வாசகர்கள் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. கட்டுரை வீட்டின் முன்கூடம் என்றால் உரையாடல் பக்கம் அடுக்களை. சமையல், சச்சரவு எல்லாம் அங்கேதான்!

ஒருவர் ஒரு வரியை மாற்றுகிறார். இன்னொருவர் அதைப் பழையபடி ஆக்குகிறார். உடனே இருவரும் உரையாடல் பக்கத்திற்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். பேசாமல் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே இருந்தால் அதற்குப் பெயர் ‘திருத்தச் சண்டை’. ஆங்கில விக்கிப்பீடியாவில், 24 மணி நேரத்திற்குள் ஒரே பக்கத்தில் பிறருடைய திருத்தங்களை மூன்று முறைக்கு மேல் நீக்கினால், அவர் தற்காலிகமாகத் தடை செய்யப்படலாம். சண்டை முற்றினால் புதியவர்கள் கைவைக்க முடியாதபடி கட்டுரையையே பூட்டிவைப்பார்கள்.

கட்டுரையின் தலைப்பை மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனி முறை இருக்கிறது. கோரிக்கை வைக்க வேண்டும். வழக்கமாக ஏழு நாட்கள் விவாதம் நடக்கும். முடிவில், விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் எல்லாவற்றையும் படித்து முடிவு எழுதுவார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கைகளை எண்ணுவதில்லை. எந்தத் தரப்பின் வாதம் விதிக்கும் ஆதாரத்திற்கும் பொருந்துகிறது என்று எடைபோடுகிறார். நூறு பேர் ஒன்றாக வந்து ‘வேண்டும்’ என்று கூறிவிட்டால் போதாது.

இரு தரப்பு நியாயங்கள்

கீவ் நகரக் கட்டுரையில் பெயர் மாற்றக் கோரிக்கை பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் தோற்றது. பேச்சு ஓயாததால் பெயர் விவகாரத்திற்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கினார்கள். ஒரு கட்டத்தில், குறிப்பிட்ட காலம் வரை இந்தக் கோரிக்கையை மீண்டும் கொண்டு வரக்கூடாது என்று தடையும் விதித்தார்கள்.

மாற்ற வேண்டும் என்றவர்கள் சொன்னது எளிமையானது. ஊர் அவர்களுடையது; பெயர் வைக்கும் உரிமையும் அவர்களுடையது. பம்பாய் மும்பையாகவும் பீக்கிங் பெய்ஜிங்காகவும் ஆனபோது ஆங்கிலம் ஏற்றுக்கொள்ளவில்லையா?

மறுத்தவர்களின் பதிலும் லேசானதல்ல. இத்தாலியர்கள் தங்கள் தலைநகரை ‘ரோமா’ என்கிறார்கள். ஆங்கிலம் ‘ரோம்’ என்கிறது. ஆஸ்திரியர்களின் ‘வீன்’ ஆங்கிலத்தில் ‘வியன்னா’. ஆங்கிலத்தில் எழுதப்படும் கலைக்களஞ்சியம், ஆங்கிலம் படிப்பவர்களிடையே பரவலாக வழங்கும் பெயரைத்தான் தலைப்பில் வைக்க வேண்டும். செய்தித்தாள்களும் நூல்களும் மாறட்டும், பிறகு மாறலாம் என்றார்கள். கலைக்களஞ்சியம் உலகத்தின் பின்னால் நடக்க வேண்டும், முன்னால் ஓடக்கூடாது என்பதே அவர்களின் நிலை.

2018ஆம் ஆண்டு அக்டோபரில் உக்ரேன் வெளியுறவு அமைச்சு, புதிய எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்துமாறு உலக ஊடகங்களைக் கேட்டு ஓர் இயக்கம் தொடங்கியது. 2019ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்காவின் இடப்பெயர் வாரியம் மாறியது. ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மாறியது. அக்டோபரில் பிபிசி மாறியது. வேறு பெரிய நாளேடுகளும் பின்தொடர்ந்தன.

அதன் பிறகு காட்சி மாறியது. பெயர் மாறிவிட்டால், மாறிய பிறகு வெளிவந்த ஆதாரங்களுக்கே கூடுதல் எடை கொடுக்க வேண்டும் என்பது விக்கிப்பீடியாவின் விதி. எந்த விதி அதுவரை உக்ரேனியர்களுக்கு எதிராக நின்றதோ, அதே விதிமுறை இப்போது அவர்கள் பக்கம் சாய்ந்தது. 2020 செப்டம்பரில் தலைப்பு மாறியது. ஆனால் ‘சிக்கன் கியேவ்’ என்ற கோழி உணவின் கட்டுரைத் தலைப்பை அந்த முடிவு தொடவில்லை. உணவகப் பட்டியலில் அந்தப் பெயர்தானே வழங்குகிறது! இக்காலச் செய்திகளைப் பற்றிய கட்டுரைகளுக்குப் புதிய வடிவம். பழைய வரலாற்றுக் கட்டுரைகளில் இருப்பதை விவாதிக்காமல் மாற்றக்கூடாது என்று வரையறையும் வகுத்தார்கள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தபோது உலகமே அந்த நகரத்தின் பெயரைத் தேடியது. அப்போது கட்டுரையின் தலைப்பு ஏற்கெனவே புதிய வடிவில் இருந்தது. போரின் உணர்ச்சி வேகத்தில் எடுத்த முடிவு என்று யாரும் அதைக் குறைகூற முடியாது.

காலத்திற்கு ஒரு பெயர்

இதற்கும் முன்பே இன்னொரு நகரம் இந்த ஆசிரியர்களைப் படாத பாடு படுத்தியது. போலந்தின் கடற்கரை நகரமான கதான்ஸ்க், ஜெர்மானியருக்கு டான்சிக். நூற்றாண்டுகளாக இரு நாட்டு வரலாறும் அங்கே பின்னிக் கிடக்கிறது.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே வாக்கெடுப்பு நடந்தது. காலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கருத்துக் கேட்டார்கள். 1308 முதல் 1945 வரையிலான நிகழ்ச்சிகளை எழுதும்போது டான்சிக். அதற்கு முன்பும் பின்பும் கதான்ஸ்க். முதல் முறை குறிப்பிடும்போது மற்றப் பெயரையும் உடன் சேர்க்க வேண்டும் என்று முடிவானது.

மலேசிய வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். இன்றைய போர்ட் கிள்ளானின் பழைய பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். தெலுக் இந்தான் அன்று தெலுக் அன்சன். 1950இல் கப்பலில் வந்து இறங்கியவரின் கதையை எழுதும்போது எந்தப் பெயரைப் போடுவது? இதே கேள்விதான் அங்கேயும்.

எண்ணும் படமும்

பெயர் மட்டும்தான் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். நகரக் கட்டுரையில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வாதம் உண்டு. கீவின் மக்கள்தொகை எவ்வளவு? 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 2.6 மில்லியன். 2022 தொடக்கத்து மதிப்பீடு ஏறக்குறைய 2.95 மில்லியன். அதே ஆண்டு மார்ச்சில், ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியேறிவிட்டதாக நகர மேயரே கூறினார். எதை எழுதுவது? எண்ணை மட்டும் எழுதாதே, அது எந்த ஆண்டின் எண், யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுது என்பதே விதி காட்டும் வழி.

நகர எல்லைக்குள் வசிப்போரை மட்டும் எண்ணுவதா, புறநகரையும் சேர்ப்பதா? முகப்புப் படமாக வானளாவிய கட்டடத்தைப் போடுவதா, பழைய தேவாலயத்தைப் போடுவதா? குற்றச் செயல்களுக்கு எத்தனை வரி, சுற்றுலாவுக்கு எத்தனை வரி? ஊர்ப்பற்று உள்ளவர்கள் நல்லதை மட்டும் எழுதப் பார்ப்பார்கள். கோபம் உள்ளவர்கள் குறையை மட்டும் எழுதப் பார்ப்பார்கள். இருவருக்கும் நடுவில் நின்று, ‘ஆதாரம் எங்கே?’ என்று சலிக்காமல் கேட்பவர்தான் அந்தக் கட்டுரையைக் காப்பாற்றுகிறார்.

விதியின் மறுபக்கம்

பொறுமையால் நன்மை உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூனில், 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அம்மாநில அரசாங்கம் ஆணை வெளியிட்டது. பல எழுத்துக்கூட்டல்கள் விமர்சனத்துக்கு உள்ளாக, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு வந்த அன்றே ஆயிரம் தலைப்புகளை மாற்றியிருந்தால், ஆயிரத்தையும் மறுபடி மாற்ற வேண்டி வந்திருக்கும்!

ஆனால், இந்த விதிக்குள் ஓர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. உக்ரேனியர்கள் காத்திருந்தது யாருக்காக? இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் ஊடகங்கள் மனம் மாறுவதற்காக. ஒரு நாட்டு அரசாங்கமே குரல் கொடுத்தும் இத்தனை ஆண்டுகள் என்றால், குரல் கொடுக்க யாருமில்லாத சிற்றூர்களின் கதி என்ன?

மலேசியத் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளலாம். அலுவலகப் பதிவில் ஒரு பெயர், தமிழர் வாயில் வேறொரு பெயர் என்று இருந்தவை பல. தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் நகரத்துக்குப் போன பிறகு, அந்தத் தமிழ்ப் பெயர் பாட்டி, தாத்தாவின் நினைவில் மட்டும் இருக்கிறது. நினைவை ஆதாரமாகக் காட்ட முடியாது. அச்சில் ஏறாத பெயர் கலைக்களஞ்சியத்திலும் ஏறாது.

வாசகர்கள் செய்யக்கூடியவை

பள்ளிப் பாடத்திற்காகப் பிள்ளைகள் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து எழுதுவதைப் பெற்றோர் பார்த்திருப்பார்கள். அடுத்த முறை, கட்டுரையோடு நிறுத்திவிடாமல் ‘உரையாடல்’, ‘வரலாறு’ ஆகிய இரண்டு பக்கங்களையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த வரி எப்போது மாறியது, ஏன் மாறியது, யார் மறுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும். அச்சான கலைக்களஞ்சியம் இந்த வசதியைத் தந்ததில்லை.

உங்கள் ஊரைப் பற்றித் தவறாக எழுதியிருந்தால் கோபப்பட்டு அழித்துவிடாதீர்கள். அழித்தது ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். உரையாடல் பக்கத்தில் காரணத்தைச் சொல்லுங்கள், ஆதாரத்தைக் காட்டுங்கள்.

ஆதாரமே இல்லையென்றால்? உருவாக்குங்கள்! கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், தோட்ட வரலாற்று நூல், நாளேட்டுக்கு எழுதும் கட்டுரை ஆகியவற்றில் ஊர்ப் பெயரும் ஆண்டும் சரியாகப் பதிவாகட்டும். எல்லா மலரையும் கலைக்களஞ்சியம் ஆதாரமாக ஏற்றுக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆனால், நாளைக்கு நல்ல நூல் எழுத வருகிறவருக்கு அதுதான் முதல் படி. உக்ரேனியர்கள் இறுதியில் வென்றது எழுத்தில் இருந்த சான்றுகளால். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் வாயால் வரும் ஊர்ப் பெயர்களைக் கேட்டு எழுதி வைப்பவருக்குத்தான் அந்த வாய்ப்பு இருக்கிறது.