சுட்டதும் வெட்டாத ரொட்டி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பல வீடுகளில் கிறிஸ்துமஸ் பலகாரம் நவம்பரிலேயே தயாராகிவிடும். ஆனால், சுட்ட கையோடு வெட்டித் தின்னும் வழக்கம் அங்கே இல்லை. நன்றாகச் சுற்றி, குளிர்ந்த அறையில் சில வாரங்கள் வைத்துவிடுவார்கள். ஷ்டோலன் என்பது அதன் பெயர். ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவில் உலர்திராட்சை, பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எல்லாம் கலந்து சுடும் கனமான ரொட்டி. மேலே வெள்ளைச் சர்க்கரை போர்த்திய அதன் வடிவத்தைத் துணி சுற்றிய குழந்தை இயேசுவாகப் பார்க்கிறார்கள்.

ஆரம்பத்தில் இதில் ருசியே கிடையாது. 1474-ஆம் ஆண்டு டிரெஸ்டன் மருத்துவமனைக் கணக்கில் இடம்பெறும் ஷ்டோலன், மாவும் ஈஸ்ட்டும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த நோன்பு ரொட்டி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் அன்று நோன்புக் காலம், வெண்ணெய்க்குத் தடை. டிரெஸ்டன் அமைந்த சாக்சனிப் பகுதியை ஆண்டவர்கள் ரோமுக்கு முறையிட்டார்கள். 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் அனுப்பிய கடிதம்தான் தடையைத் தளர்த்தியது. வரலாற்றில் அதற்கு ‘வெண்ணெய்க் கடிதம்’ என்றே பெயர்.

இன்று நிலைமை தலைகீழ். டிரெஸ்டன் பெயரில் ஷ்டோலன் விற்க வேண்டுமானால், ஒரு கிலோ மாவுக்குக் குறைந்தது அரைக் கிலோ வெண்ணெயும் 650 கிராம் திராட்சையும் சேர்த்தாக வேண்டும்.

இவ்வளவு கொழுப்பும் இனிப்பும் ஈஸ்ட்டுக்கு ஆகாது. சர்க்கரை ஈஸ்ட் செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். வெண்ணெயோ, மாவைத் தாங்கிப்பிடிக்கும் பசையப் பின்னலைத் தளர்த்திவிடும். அதனால் முதலில் கொஞ்சம் மாவு, பால், ஈஸ்ட் மட்டும் கலந்து நுரைக்க விடுகிறார்கள். அது பொங்கி வந்த பிறகே வெண்ணெயும், முந்தின இரவே ரம்மில் ஊறப்போட்ட திராட்சையும் சேரும். மறுபடி மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் ரொட்டி கல்லாகிவிடும். இந்த இடைவெளிகளில்தான் வீட்டார் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது.

அடுப்பிலிருந்து எடுத்தவுடன், சூடு ஆறுமுன் உருக்கிய வெண்ணெயைத் தடவிச் சர்க்கரையைத் தூவுகிறார்கள். இந்தப் பூச்சு ரொட்டி காய்ந்துபோவதைத் தாமதப்படுத்துகிறது. உள்ளே சர்க்கரை நீரைப் பிடித்துவைத்திருப்பதால் பூஞ்சையும் எளிதில் வளராது. நாளாக ஆகத் திராட்சையின் ஈரம் ரொட்டிக்குள் பரவுகிறது. பழத்தோலின் மணமும் பாதாமின் மணமும் வெண்ணெயில் கலக்கின்றன. சுட்ட அன்று தனித்தனியாக நிற்கும் சுவைகள், சில வாரங்களில் ஒன்றாகிவிடுகின்றன.

வெட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. ஓரத்தில் கை வைப்பதில்லை. நடுவில் வெட்டி, வேண்டிய துண்டுகளை எடுத்துவிட்டு, மீதிப் பாதிகளை நெருக்கி ஒட்டிவைக்கிறார்கள். வெட்டிய முகத்தில் காற்றுப் படாததால் ஈரம் போவதில்லை.

நம் ஊர் வெப்பத்தில் செய்து பார்க்க நினைப்பவர்கள், காற்றுப் புகாமல் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம். டிசம்பர் முதல் வாரத்துக்குள் சுட்டுவிடுங்கள். பண்டிகைக்குப் பதமாக இருக்கும்.