இரவுப் பார்வையும் எண்ணெய்த் துளியும்

அமாவாசை இரவில் பாம்பனிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவரை எண்ணிப் பாருங்கள். கரை விளக்குகள் மறைந்த பின்னும், நட்சத்திர ஒளியிலேயே அலைமேல் ஆடும் மிதவையை அவர் கண்டுகொள்கிறார். இது எப்படி இயலுகிறது?

நம் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் சுமார் 12 கோடி உள்ளன. ஒரு கோல் செல்லைத் தூண்ட ஒரே ஒரு போட்டான், அதாவது ஒளியின் மிகச் சிறிய துணுக்கு, போதும் என்பதை 1942-இல் அமெரிக்காவில் ஹெக்ட், ஷ்லேர், பிரென் என்னும் மூவர் சோதனையால் காட்டினர். இத்தகைய நுட்பமான கருவிக்கு நாம் உண்ணும் கொழுப்பு இரு வகைகளில் உதவுகிறது.

கொழுப்பு என்னும் வண்டி

கோல் செல்லில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி, ஒரு புரதமும் வைட்டமின் ஏ-யிலிருந்து உண்டாகும் ஒரு மூலக்கூறும் சேர்ந்தது. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் ஜார்ஜ் வால்ட் கண்டறிந்தார். 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வளைந்திருக்கும் அந்த மூலக்கூறு ஒளி பட்டதும் நிமிர்கிறது. ஒரு நொடியை ஓர் இலட்சம் கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இது நடந்துவிடுகிறது! வைட்டமின் ஏ குறைந்தால் நிறமி குறையும், மாலைக்கண் தோன்றும். குறைவு முற்றினால் கருவிழியே புண்ணாகிப் பார்வை பறிபோகும்.

முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் உள்ள கரோட்டினை உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் கரோட்டின் நீரில் கரையாது. கேரட் துருவலை எண்ணெயில் வதக்கிப் பாருங்கள், எண்ணெய் செம்மஞ்சளாகும். நீரில் வேகவைத்தால் அவ்வளவு நிறம் இறங்குவதில்லை. குடலிலும் இதே கதைதான். பித்தநீர் எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கிறது. அவற்றில் ஏறித்தான் கரோட்டின் உடலுக்குள் செல்கிறது. ஆகவே எண்ணெயே இல்லாமல் அவித்த கீரையில் சத்து இருந்தும் பெரும்பகுதி வீணாகும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும்.

உறையாத கொழுப்பு

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. ஏன்? நல்லெண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அவை மூலக்கூறை வளைப்பதால் நெருங்கி அடுக்க முடிவதில்லை. மீன் கொழுப்பில் உள்ள டி.எச்.ஏ. என்னும் அமிலத்தில் இத்தகைய பிணைப்புகள் ஆறு! இது கடலின் நுண்பாசிகளில் உருவாகி, சாளை, சூடை, நெத்திலி வழியாக நம் தட்டுக்கு வருகிறது. ரொடாப்சின் பதிந்திருக்கும் மெல்லிய படலத்தில் இந்த அமிலம் மிகுந்திருக்கிறது. படலம் இளகி இருப்பதால்தான் நிறமி விரைந்து உருமாற முடிகிறது.

திருச்சியில் நடந்த ஆய்வு

திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காத்தது! 1970 முதலே நம் நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் வழங்கும் திட்டம் உண்டு. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை இதைத் தவறாமல் கொடுக்க வேண்டும்.

அளவு மீறலாமா?

கூடாது. மிகையான வைட்டமின் ஏ ஈரலில் தங்கி நஞ்சாகும், கர்ப்பிணிகளுக்குக் கேடு. மீன் ஈரல் எண்ணெயை மருத்துவர் சொல்லாமல் குடிக்க வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரையும் மந்திரமன்று. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை என்று 2013-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது.

பின் என்ன செய்யலாம்? பொடிமீனைக் குழம்பாக்கி உண்ணுங்கள். அதன் கொழுப்பு குழம்பிலேயே தங்கும். எண்ணெயில் பொரித்தால் ஒரு பகுதி சட்டியில் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத நாள்களில் கொல்லை முருங்கை இருக்கவே இருக்கிறது. இராமேசுவரம் கரையில் விலைபோகாத பொடிமீன் காய்ந்து கோழித் தீவனமாகிறது. அதில் ஒரு கைப்பிடி நம் குழந்தைகளின் தட்டுக்கு வந்தால் என்ன?