கணினியில் சுழலும் என்ஜினுக்குச் சோதனைக் கூடமும் தேவை

புது தில்லி: உள்நாட்டில் வடிவமைக்கப்பட்ட தேஜஸ் போர் விமானம் அமெரிக்க என்ஜினின் துணையுடன்தான் பறக்கிறது. அந்த விமானத்துக்கெனத் தொடங்கப்பட்ட காவேரி என்ஜின் என்னவாயிற்று என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் பலமுறை எழுந்துள்ளது. விடையின் ஒரு பகுதி, கணினிக் கணக்குக்கும் சோதனைக் கூடத்துக்கும் இடையிலான தொலைவில் இருக்கிறது.

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் பெங்களூரு ஆய்வகத்திடம் 1989-இல் ரூ. 382.81 கோடி மதிப்பீட்டில் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1996-இல் முடிந்திருக்க வேண்டும்.

ஜெட் என்ஜினை வடிவமைப்போர், உலோகத்தைத் தொடுமுன்னரே அதைக் கணினியில் இயக்கிப் பார்க்கின்றனர். உள்ளே வரும் காற்றை கம்ப்ரஸர் அழுத்துகிறது. எரிபொருளுடன் எரிந்த வெப்ப வாயு டர்பைனைச் சுழற்ற, அதே தண்டில் பிணைந்த கம்ப்ரஸரும் சுழல்கிறது. ஆகவே, இரண்டின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். டர்பைன் தரும் ஆற்றல், கம்ப்ரஸர் கேட்கும் ஆற்றலுக்கு ஈடாக வேண்டும். உத்தேச மதிப்பு ஒன்றில் தொடங்கி, இடிக்கும் இடத்தைத் திருத்தி, பொருந்தும்வரை கணினி திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. 11 கி.மீ. உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் கால் பங்குக்கும் குறைவு. அங்கு கிடைக்கும் உந்துவிசை எவ்வளவு, எரிபொருள் செலவு எவ்வளவு என்பதை மேஜையில் இருந்தபடியே மதிப்பிடலாம்.

ஆனால், ஒவ்வொரு வேகத்திலும் கம்ப்ரஸரும் டர்பைனும் எவ்வாறு இயங்கும் என்ற அட்டவணைகளே இக்கணக்கின் அடித்தளம். அவற்றை உண்மையான என்ஜினில் அளந்து சரிபார்க்காவிட்டால், கணினி சொல்வது நல்லதொரு ஊகமே.

காவேரியின் உயர்வானச் சோதனைக்கு ரஷியா செல்ல நேர்ந்தது. 2004-இல் அங்கு அது தோல்வியடைந்தது. மாஸ்கோ அருகே இல்யூஷின்-76 விமானத்தில் பொருத்தி முதன்முறையாகப் பறக்கவிடப்பட்டது 2010 நவம்பரில்தான். அதற்குள், 2008-லேயே தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டுவிட்டது. 1,100 கிலோவாக இருக்க வேண்டிய என்ஜின் 1,235 கிலோ இருந்ததைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் பதிவு செய்தது.

பொறியாளர்களின் கணிதத்தைக் குறை கூறுவதற்கில்லை. அளக்கும் கூடம் அயல்நாட்டில் இருந்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். தாமதத்தின் விலை பின்னர் தெரிந்தது. தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்காக 99 அமெரிக்க என்ஜின்கள் 2021 ஆகஸ்டில் கோரப்பட்டன. முதல் என்ஜின் ஒப்படைக்கப்பட்டது 2025 மார்ச்சில்.