ஆறேறும் உல்லம்

மழைக்காலம் பிறந்துவிட்டால், கொல்கத்தாவிலும் ஹௌராவிலும் வாழும் தமிழன்பர்கள் ஒரு காட்சியைக் காணாதிருத்தல் அரிது. அலுவலகத்திலிருந்து திரும்பும் வங்காள அன்பரின் கைப்பையிலிருந்து வெள்ளித் தகடுபோல் மின்னும் மீனின் வால் ஒன்று எட்டிப் பார்க்கும். அதுவே இலிஷ். கோதாவரி தீரத்து ஆந்திரர் அதனைப் புலச என்பர். அரசாங்க அறிக்கைகளில் இல்சா என எழுதப்படும் அம்மீனுக்கு உல்லம் என்னும் பெயர் நம் மொழியிலேயே உண்டு. புலால் உண்ணாத அன்பர்களும் மேலே படிக்கலாம். பேசப் புகுந்தது சமையலைப் பற்றியன்று.

உல்லம் மத்தி, சாளை முதலிய மீன்களுக்கு உறவுடையது. வாழ்நாளின் பெரும் பகுதியைக் கடலில் கழிக்கும். தென்மேற்குப் பருவமழையால் ஆறுகள் பெருகும்போது, கடலை விட்டு நன்னீரில் புகுந்து, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திச் சென்று முட்டையிடும். ஒரு பெண் மீன் பல இலட்சம் முட்டைகளை இடவல்லது. ஏறத்தாழ ஒரு நாளில் அவை பொரிக்கின்றன. குஞ்சுகள் சில மாதங்கள் ஆற்றிலேயே வளர்ந்து, பின்னர் கடலுக்கு இறங்குகின்றன. கங்கையில் இம்மீன் பக்சார், பிரயாகை ஆகிய ஊர்களையும் கடந்து மேலேறியதுண்டு. யமுனையில் ஆக்ரா வரை சென்றதாகவும் பழைய குறிப்புகள் கூறுகின்றன.

1975ஆம் ஆண்டில் ஃபராக்கா அணை செயற்படத் தொடங்கியது. கொல்கத்தாத் துறைமுகம் மண்ணடித்துத் தூர்ந்து போகாமற் காத்தற்பொருட்டு, கங்கை நீரில் ஒரு பகுதியைப் பாகீரதி–ஹூக்ளி ஆற்றுக்குத் திருப்புவதே அதன் நோக்கம். ஏறத்தாழ 2¼ கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வணை, துறைமுகத்திற்கு நீர் தந்தது. மீனின் பாதையை மறித்தது. அணைக்கு மேலே பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இம்மீனை நம்பியிருந்த செம்படவர் வலைகளில் அதன் வரவு குறைந்துகொண்டே போய், ஏறக்குறைய அற்றுவிட்டது.

இக்கதை நமக்குப் புதிதன்று. காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் ஏறிய காலம் உண்டு. கீழணையில் 1909ஆம் ஆண்டளவிலேயே எச். சி. வில்சன் என்பார் இம்மீனின் முட்டைகளை எடுத்துச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்ய முயன்றார். மீன் ஏறுவதற்கெனப் படிகளும் அங்கே கட்டப்பட்டன. ஆனால் மேனாட்டுச் சால்மன் மீனைப்போல் உல்லம் துள்ளித் தாவும் இயல்புடையதன்று. படிகளை அது பொருட்படுத்தவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்து ஆற்றின் வெள்ளம் அடங்கியபின், காவிரி உல்லம் பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிட்டது. இளந்தலைமுறைத் தமிழர் பலருக்கு அப்பெயரும் தெரியாது.

மீனைப் பிடித்து அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. பாரக்பூரிலுள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைத்தான் செய்து வருகின்றனர். ஆயினும் வலையிலிருந்து எடுத்த சிறு பொழுதிலேயே உயிர்விடும் மீன் இது. காரணம் ஆராயத்தக்கது. அச்சமுற்ற மீனின் உடலில் கார்டிசால் என்னும் சுரப்புநீர் பெருகுகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது; திமிறுவதால் தசைகளில் இலாக்டிக் அமிலம் சேர்கிறது. கோடை வெயிலில் வாடும் கறவை மாட்டின் இரத்தத்திலும் இதே சுரப்புநீர் மிகுகின்றது. மாட்டை மர நிழலில் கட்டித் தண்ணீர் தெளித்து ஆற்றலாம். மீனுக்கு அவ்வாறு செய்ய வழியேது? மேலும், உப்பு நீரை விட்டு நன்னீருக்கு வரும் உல்லம், உடலின் உப்புச் சமநிலையை மாற்றிக்கொள்ளும் கடும் பணியில் முன்னரே ஈடுபட்டிருக்கிறது. கை பட்டவுடன் உதிரும் மெல்லிய செதில்கள் வேறு. செதில் உதிர்ந்த இடத்தில் நோய்க்கிருமிகள் எளிதில் தொற்றும். ஆகவே மூலையில் முட்டிக்கொள்ளாதபடி வட்டத் தொட்டி, பிராணவாயு, குளிர்ந்த வேளை எனப் பல முன்னேற்பாடுகள் வேண்டும். பிழைத்த மீனும் நீண்ட அதிர்ச்சிக்கு உட்பட்டால் முட்டையிடாமற் போகலாம். இத்தனை இடர்களுக்கிடையே ஆயிரக்கணக்கான மீன்கள் அணைக்கு மேலே விடப்பட்டுள்ளன. சிலவற்றுக்கு அடையாளச் சீட்டும் பொருத்தப்பட்டது.

ஹீராலால் சௌதுரி 1957இல் ஒரிசாவில், மீனின் மூளையடிச் சுரப்பியின் சாற்றை ஊசியேற்றிக் கெண்டையினங்களைக் குளத்தில் முட்டையிடச் செய்தார். நாடெங்கும் மீன் பண்ணைகள் பெருகியது அதன் பயன். உல்லமோ கெண்டையைப்போல் பண்ணை மீனாக இன்னும் இசையவில்லை. எனவே ஆற்றுவழியைத் திறந்து வைப்பதே முதன்மையானது என்பது என் கருத்து. ஃபராக்காவில் புதிய கப்பல் மடையின் கதவை, மீன் ஏறும் பருவத்தில் பின்னிரவில் சில மணி நேரம் உயர்த்தி வைக்கும் திட்டத்தை உள்நாட்டு நீர்வழி ஆணையம் 2019இல் அறிவித்தது.

பங்களாதேஷ் வேறொரு வழியில் பயன் கண்டது. இளமீன் பிடித்தலையும், முட்டையிடும் நாட்களில் வலை வீசுதலையும் தடுத்து, தொழிலிழந்த செம்படவக் குடும்பங்களுக்கு அரிசி வழங்கியது. 2002–03இல் ஏறத்தாழ 2 இலட்சம் டன்னாக இருந்த அந்நாட்டு உல்லப் பிடிப்பு 2017–18இல் 5 இலட்சம் டன்னைத் தாண்டிற்று. தடையோடு அரிசியும் சேர்ந்து சென்றமை கவனிக்கத்தக்கது.

மேற்கு வங்காளத்திலும் 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த உல்லத்தைப் பிடிக்கலாகாது என்னும் விதி உண்டு. ஆயினும் 'கோகா இலிஷ்' என்ற செல்லப் பெயருடன் அக்குஞ்சுகள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. விலை மலிவென்பதால் வாங்குவோரும் உளர். கடைக்குச் செல்லும் அன்பர்கள் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. 23 சென்டிமீட்டர் என்பது நம்மவர் கையால் ஏறத்தாழ ஒரு சாண்.